‘லிங்க் இருக்கிற யார் வேணாலும் பார்க்கலாம்’: ஒரு உண்டியும் ஒரு ஸ்கூல் பேக்கும்

(பேச்சை எழுத்துக்கு மாத்தும்போது இழுவைகளையும், திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும் மட்டும் எடுத்திருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடியே.)

பின்னாடி ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சிருங்க. திருமுல்லைவாயில் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு தெரு தள்ளிதான் எங்க வீடு. அரக்கோணம் லைன்ல போற வண்டி எல்லாம் என் மைக்ல ஒரு தடவை ஏறி இறங்கிட்டுதான் போகும்.

இன்னைக்கு முழு டெக் எபிசோடு இல்ல. பாதி டெக்னு வெச்சுக்கங்க. 2025 பிப்ரவரியில, நான் படிச்ச தொடக்கப்பள்ளியில இருந்து ஒரு போன் வந்தது. ஹெச்.எம். சிஸ்டர் பேசினாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைல இருக்கியாமே. தவக்காலம் வருது. பிள்ளைங்க சேக்குற காசுக்கும், நாம குடுக்குற உதவிக்கும் ஒழுங்கா ஒரு கணக்கு வேணும். வந்து பாத்துட்டுப் போறியா?"

ஸ்கூல் பேரைச் சொல்லப் போறதில்ல. காரணம் போகப் போகப் புரியும். கன்னியாஸ்திரிகள் நடத்துற, அரசு உதவிபெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி, அவ்வளவு போதும். உதவிபெறும் பள்ளின்னா, நடத்துறது சபை, டீச்சர் சம்பளம் அரசாங்கம். தமிழ் மீடியத்துக்கு ஃபீஸ் கிடையாது. அதனால நம்ம அம்பத்தூர், ஆவடி பக்கம் இந்த மாதிரி பள்ளிகள்ல படிக்கிறது பெரும்பாலும் எஸ்டேட்ல வேலை பாக்குறவங்க, சித்தாள் வேலைக்குப் போறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க வீட்டுப் பிள்ளைங்க. எங்க கிளாஸ்ல பாதிக்கு மேல கிறிஸ்தவங்க இல்ல. நானும் இல்ல. எங்க அம்மா கொடியிடை அம்மனுக்குப் பௌர்ணமி தவறாமப் போறவங்க.

ஆனா காலையில அசெம்பிளியில நின்னா எல்லாரும் ஒண்ணுதான். பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் எனக்கு இன்னைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். அக்டோபர் வந்தா ஜெபமாலை. டிசம்பர்ல குடில் கட்ட வைக்கோல் கொண்டு போறது. கத்தோலிக்கப் பசங்க மறைக்கல்வி கிளாஸுக்குப் போகும்போது எங்களுக்கு நீதிபோதனை. ஒரு தடவை வீட்டு சாமி அலமாரி முன்னாடி நின்னு, பழக்கத்துல சிலுவை அடையாளம் போட்டுட்டேன். பாட்டி பதறிட்டாங்க. அம்மாதான், "விடுங்க அத்தை, விளக்குக்கு முன்னாடிதான போட்டான்"னு சொல்லிட்டாங்க.

அந்தப் பள்ளியில எனக்கு ரொம்பப் புடிச்ச பொருள் ஒண்ணு இருந்தது. தகர உண்டி. பச்சை பெயின்ட், மேல ஒரு கீறல், பக்கத்துல ஒரு சின்னப் பூட்டு. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரைக்கும் கிளாஸ் கிளாஸா சுத்தி வரும். மிட்டாய் வாங்காம சேர்த்த காசைப் போடணும். எவ்வளவு போடணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உண்டி வரும்போது டீச்சர் போர்டு பக்கம் திரும்பி ஏதாவது எழுதிக்கிட்டு இருப்பாங்க. அது வேணும்னே செஞ்சதுன்னு எனக்கு இருபது வருஷம் கழிச்சுதான் உறைச்சுது.

இந்த உண்டிக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. படிக்கும்போது எனக்கே ஆச்சரியமா இருந்தது. பிரான்ஸ்ல லியோன் நகரம், பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். அங்க பாலின் ஜாரிக்கோன்னு ஒரு பொண்ணு, 1799ல பொறந்தவங்க. இருபது வயசு வாக்குல, தொழிலாளிகள்கிட்ட ஒரு ஏற்பாடு பண்றாங்க. பத்து பேர் ஒரு குழு. ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு ஒரு சூ. சூங்கிறது அன்னைக்கு அங்க இருந்த சில்லறைக் காசு. பத்து குழுவுக்கு ஒருத்தர் பொறுப்பு, அப்படி நூறு ஆகும். அதுல பத்து சேர்ந்தா ஆயிரம். டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது ஒரு மரம். ஒவ்வொரு முனையிலயும் பத்து கிளை. 1822ல அதுவே மறைபரப்புப் பணிக்கான பெரிய சங்கமா ஆச்சு. அவங்களோட பேசி யோசனை கேட்டுட்டு, 1843ல நான்சி நகரத்து ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் இதையே குழந்தைகளுக்குக் கொண்டு வந்தார். மாசம் ஒரு காசு, தினம் ஒரு அருள்நிறை மந்திரம். பிள்ளைங்க பிள்ளைங்களுக்கு உதவுறது. நம்ம ஊர் கத்தோலிக்கப் பள்ளிகள்ல திருப்பாலத்துவ சபைன்னு சொல்றது அதுதான். ஆரம்பத்துல சீனக் குழந்தைகளுக்கு உதவுறதோட அவங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதும் நோக்கமா இருந்தது, அதை மறைச்சுப் பேச வேண்டியதில்ல. பாலினுக்கு 2022 மே மாசம் லியோன்லயே அருளாளர் பட்டம் குடுத்தாங்க.

எனக்கு இதுல புடிச்சது அந்த ஒரு சூதான். முதலாளியம்மாவுக்கும் ஒரு சூ, வீட்டு வேலை செய்றவங்களுக்கும் ஒரு சூ. யார் பெரிய ஆளுன்னு அந்தக் காசை வெச்சுக் கண்டுபுடிக்க முடியாது.

இப்ப என் கதைக்கு வரேன்.

2006. நான் நாலாங்கிளாஸ். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில இருந்தாரு. பட்டறையை மூடிட்டாங்க. மூணு மாசச் சம்பளம் வரல. அப்பா காலையில வழக்கம் போல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுக் கிளம்புவாரு, வேலை தேடி. பாக்ஸ் காலியாதான் போகுதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. மத்தியானம் எனக்கு ஸ்கூல்ல சத்துணவு இருந்தது. காலையிலதான் பிரச்சினை. ஒரு நாள் அசெம்பிளியில மயங்கி விழுந்தேன். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி டீயும் பன்னும் குடுத்தாங்க. ஒண்ணும் கேக்கல. மறுநாள்ல இருந்து, முதல் பீரியடுக்கு முன்னாடி "போயி ரெஜிஸ்டர் எடுத்துட்டு வா"ன்னு என்னைத்தான் அனுப்புவாங்க. ஆபீஸ் ரூம்ல ஆயாம்மா ஒரு பன் வெச்சிருப்பாங்க. பசங்க என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டாங்க, நான் டீச்சரோட செல்லப்பிள்ளைன்னு.

அதே வருஷம் டிசம்பர். ஒரு கம்பெனியில இருந்து கிறிஸ்துமஸ் விழாவுக்கு வந்தாங்க. நல்ல மனசோடதான் வந்திருப்பாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. மேடை, பேனர், மைக். "வறுமையில் வாடும் மாணவர்கள்"னு சொல்லி ஒவ்வொரு பேரா வாசிச்சாங்க. என் பேரு ஏழாவது. மேல போனேன். ஒரு ஸ்கூல் பேக் குடுத்தாங்க. கையை விடாம, கேமராவைப் பாக்கச் சொன்னாங்க. கீழ என் கிளாஸ் மொத்தமும் உக்காந்திருக்கு. அதுவரைக்கும் ரெஜிஸ்டர் எடுக்கப் போற பையன் நான். அதுக்கப்புறம் வேற பையன்.

பேக்ல பெருசா கம்பெனி பேரும், அதுக்குக் கீழ "அன்பளிப்பு"ன்னும் அச்சடிச்சிருந்தது. வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா ஒண்ணும் பேசல. ராத்திரி, பழைய ரவிக்கைத் துணி ஒண்ணை வெட்டி, அந்த எழுத்து மேல வெச்சு நாலு பக்கமும் தைச்சுட்டாங்க. பத்தாவது வரைக்கும் அந்த பேக்தான். உழைச்சுது, அதைச் சொல்லணும்.

எங்க ஊர் மாசிலாமணீசுவரர் கோயில்ல லிங்கத்து மேல வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு இருக்கும், சித்திரைச் சதயத்துக்கு மட்டும்தான் களைவாங்க. தொண்டைமான் முல்லைக் கொடியை வெட்டும்போது வாள் பட்ட தழும்பு அதுக்குக் கீழ இருக்குன்னு தல புராணம். சின்ன வயசுல அதைப் பாக்கணும்னு எனக்கு ஒரே ஆசை. அந்த டிசம்பருக்கு அப்புறம் அந்த ஆசை போயிருச்சு. ஏன்னு கேட்டா அப்பச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

அந்த வருஷத்துல இன்னொண்ணும் நடந்தது. ஜனவரியில ஒரு நாள், இருட்டின அப்புறம், ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. நடுத்தர வயசு, பேன்ட் சட்டை, சைக்கிள். கோயில் பங்குல இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க. டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கணும். அப்பாகிட்ட அரை மணி நேரம் லேத் வேலையைப் பத்தியே பேசினாங்க. எந்தப் பட்டறையில ஆள் எடுக்குறாங்க, யாரைப் பாக்கணும்னு. போகும்போது வாசல் ஓரமா ஒரு பையை வெச்சுட்டுப் போனாங்க. அரிசி, பருப்பு, எண்ணெய். எந்த சாமி கும்புடுறீங்கன்னு கேக்கல. சுவத்துல முருகர் படம் இருந்தது, அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இந்தச் சபையும் காலேஜ் பசங்க ஆரம்பிச்சதுதான். 1833, பாரிஸ். ஃபிரெடெரிக் ஓசானாம், அப்ப வயசு இருபது, யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட். கூட நண்பர்கள் சில பேர். உங்க மதம் பழைய பெருமை பேசுது, இன்னைக்கு ஏழைக்கு என்ன செய்யுதுன்னு விவாதத்துல ஒருத்தர் மடக்கினதுதான் தூண்டுதல்னு சொல்வாங்க. அவங்க எடுத்த வழி, வீடு தேடிப் போறது. ஏழைகளோட வேலை பார்த்த ரோசலி ரெண்டுங்கிற கன்னியாஸ்திரிதான் அந்தப் பசங்களுக்கு வழி காட்டினாங்க. வீட்டுக்குப் போனா அங்க கூட்டம் கிடையாது. நாம விருந்தாளி, அவங்கதான் வீட்டுக்காரங்க. எங்க அம்மா அன்னைக்கு அந்த ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தாங்க. பால் இல்லாத டீ. அவங்க குடிச்சாங்க.

அப்பாவுக்கு பிப்ரவரியில வேலை கெடச்சுது. அந்தத் தவக்காலத்துல, 2007ல, பச்சை உண்டி எங்க கிளாஸுக்கு வந்தது. என்கிட்ட ஐம்பது காசு இருந்தது. மேடையில நின்னு பேக் வாங்கின பையன் போடலாமான்னு ஒரு தயக்கம். டீச்சர் போர்டு பக்கம் திரும்பி இருந்தாங்க. போட்டேன். டிங்குன்னு விழுந்தது. பக்கத்துல இருந்த பையன் போட்டதும் அதே சத்தம்தான்.

இவ்வளவும் அனுபவிச்சவன், 2025ல அந்தப் பள்ளிக்கு என்ன கொண்டு போனேன்னு கேளுங்க.

ரெண்டு நாள் லீவு போட்டு ஒரு சிஸ்டம் பண்ணினேன். உண்டிக்குப் பதிலா கியூஆர் கோடு. கிளாஸ்வாரியா எவ்வளவு சேந்திருக்குன்னு ஒரு டாஷ்போர்டு, அதை வராண்டால ஒரு டிவில ஓட விடலாம். முதலிடம் மூணாம் வகுப்பு, ரெண்டாமிடம் ஐந்தாம் வகுப்பு. உதவி பெறுற பிள்ளைங்களுக்கு ஒரு கூகுள் ஷீட். பேரு, வகுப்பு, அப்பா என்ன வேலை, என்ன கஷ்டம், என்ன குடுத்தோம், குடுக்கும்போது எடுத்த போட்டோ. போட்டோ எதுக்குன்னா நன்கொடை குடுக்குறவங்க கேப்பாங்களே. ஆபீஸ்ல நாங்க எதைச் செஞ்சாலும் அளந்து காட்டணும். அந்தப் பழக்கம்.

சிஸ்டர் லேப்டாப்பை முன்னாடி இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் பாத்தாங்க. "நல்லாப் பண்ணியிருக்க தம்பி. இதை யார் யார் பாக்க முடியும்?"

நான் ரொம்பச் சாதாரணமா, "லிங்க் இருக்கிற யார் வேணாலும் பார்க்கலாம் சிஸ்டர்"னேன்.

சொல்லி முடிக்கும்போதே என் குரல் எனக்கே கேட்டுச்சு. பேக்கும் கேமராவும் ஞாபகம் வந்துருச்சு. வேலையில, ஒரு கஸ்டமரோட போன் நம்பர் லாக் ஃபைல்ல வந்துட்டாலே நான் சண்டை போடுவேன். இங்க எட்டு வயசுப் பிள்ளையோட பசியை ஷேர் பட்டன் போட்டு வெச்சிருக்கேன்.

சிஸ்டர் திட்டல. அவங்க மேஜை டிராயர்ல இருந்து ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாங்க. பேரே இல்ல. வரிசை எண், ஒரு தேதி, "செருப்பு", "கண்ணாடி", "மாவு". அவ்வளவுதான். பொருள் கிளாஸ் டீச்சர் பீரோவுக்குப் போயிரும். மணியடிச்சு எல்லாரும் போனதும், சாக்பீஸ் டப்பா எடுத்துட்டு வான்னு அந்தப் பிள்ளையை அனுப்புவாங்களாம். நான் சிரிச்சுட்டேன். "எங்க காலத்துல ரெஜிஸ்டர் சிஸ்டர்"னேன். அவங்களுக்குப் புரியல, அவங்க எனக்கப்புறம் வந்தவங்க.

டாஷ்போர்டைப் பத்தி மட்டும் ஒண்ணு சொன்னாங்க. "மூணாங்கிளாஸ் முதலிடம்னு போட்டா, மூணாங்கிளாஸ்ல காசு கொண்டு வராத பிள்ளை மறுநாள் லீவு போடும்."

சாம்பல் புதன் அன்னைக்குக் கோயில்ல வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். தர்மம், ஜெபம், நோன்பு மூணையும் ஊர் பாக்கச் செய்யாதீங்கன்னு சொல்ற பகுதி. அதை வாசிச்சு முடிச்ச கையோட நெத்தியில ஊரே பாக்குற மாதிரி சாம்பல் பூசி அனுப்புவாங்க. சின்ன வயசுல இது எனக்குப் பெரிய குழப்பம். 2025 மார்ச் 5ஆம் தேதி பள்ளியில நின்னு பாத்தேன். எல்லார் நெத்தியிலயும் ஒரே சாம்பல். வேணாம்னு சொன்ன பிள்ளைங்களை யாரும் வற்புறுத்தல.

சரி, எல்லாத்தையும் மூடி வெச்சா கணக்கு? இந்தக் கேள்வியை நான் விடல. மறைவா நடக்குதுங்கிற பேர்லதான் எத்தனையோ இடத்துல பணம் காணாமப் போகுது. குடுக்குறவங்களுக்குக் கேக்க உரிமை இருக்கு. சிஸ்டர்கிட்ட இதைச் சொன்னேன், கொஞ்சம் முகம் மாறிச்சு, ஆனா ஒத்துக்கிட்டாங்க. கடைசியில நாங்க பேசி வெச்சது இதுதான்: உண்டியில மொத்தம் எவ்வளவு, எந்தப் பொருள் எத்தனை வாங்கினோம், கடை பில் எங்க இருக்கு, இது நோட்டீஸ் போர்டுல. பேர்கள் நாப்பது பக்க நோட்டுலகூட வேண்டாம், அது கிளாஸ் டீச்சர் மனசுல இருந்தா போதும். போட்டோ கிடையாது. கேக்குற நன்கொடையாளருக்கு பில் நகல் குடுக்கலாம். ஒருத்தர் போட்டோ இல்லன்னா முடியாதுன்னு விலகிட்டாரு. அந்த வருத்தம் சிஸ்டருக்கு இருக்கு. இருபது பிள்ளைங்களுக்குச் செருப்பு வந்திருக்கும். நான் சொன்னது சரிதானான்னு அன்னைக்கு ராத்திரி எனக்கும் தோணாம இல்ல.

ஆகஸ்ட்ல ஒரு விஷயம் நடந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தெரியுமில்ல? 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில தொடங்கினது. 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் போச்சு. உதவிபெறும் பள்ளிகளுக்கு அப்ப இல்ல. காமராஜர் பிறந்த நாள், 2024 ஜூலை 15, கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாச்சு. அதைத் தொடங்கி வெச்சது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே, கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில. நாங்க ஆவடி மாநகராட்சி, அதனால நகர்ப்புறக் கணக்கு, காத்திருந்தோம். 2025 ஆகஸ்ட் 26, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில வெச்சு நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் தொடங்கினாங்க. ரெண்டும் கத்தோலிக்கப் பள்ளி. 1920ல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில மதிய உணவு போட ஆரம்பிச்சதுல இருந்து எண்ணினா, நூறு வருஷத்துக்கு மேல ஆகுது இந்த ஊர் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுப் படிக்கச் சொல்லி.

செப்டம்பர்ல ஒரு நாள் காலையில எட்டு மணிக்குப் போனேன். உப்புமா, சாம்பார். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் யார் வேணாலும் சாப்பிடலாம். பட்டியல் கிடையாது, மேடை கிடையாது. ஆனா அதுவும் தானா நடக்கலைன்னு சிஸ்டர் சொன்னாங்க. முதல் ரெண்டு நாள், வீட்டுல சாப்பிட்டுட்டேன்னு நிறைய பிள்ளைங்க ஒதுங்கி நின்னாங்களாம். மத்தியானச் சத்துணவுல தட்டு எடுத்துட்டு வர்ற பிள்ளைங்க ஒரு பக்கம், டப்பா கொண்டு வர்ற பிள்ளைங்க ஒரு பக்கம்னு பழைய வழக்கம் இருக்கே, அது. மூணாவது நாள் டீச்சர்கள் எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாங்க. கூட சிஸ்டரும். அப்புறம் சரியாயிருச்சு.

ஆபீஸ் ரூம்ல பன் வாங்குறதை நிறுத்திட்டாங்களான்னு கேட்டேன். இல்லையாம். லேட்டா வர்ற பிள்ளை ஒண்ணு ரெண்டு இருக்கும்ல.

என் சிஸ்டம் என்ன ஆச்சுன்னா, டெலிட் பண்ணிட்டேன். பச்சை உண்டி அப்படியேதான் இருக்கு, பெயின்ட் மட்டும் ரெண்டு தடவை மாறியிருக்கு. பூட்டு துருப்பிடிச்சுச் சாவி சுத்தாம இருந்தது. ஆவடி மார்க்கெட்ல புதுசா ஒரு பூட்டு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு சாவி, ஒண்ணு சிஸ்டர்கிட்ட, ஒண்ணு பெற்றோர் கழகத்துக்கிட்ட. எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியரோட மொத்தப் பங்களிப்பு அதுதான்.

இந்த எபிசோடை அம்மாகிட்ட போட்டுக் காட்டிட்டுதான் வெளியிடுறேன். பேக் கதை வேண்டாம்னு சொன்னா எடுத்துடலாம்னு இருந்தேன். கேட்டுட்டு, "அது ரவிக்கைத் துணி இல்லடா, உங்க பாட்டியோட பாவாடைத் துணி"ன்னாங்க. திருத்திக்கங்க.

அடுத்த எபிசோடு ரெண்டு வாரத்துல. பாப்போம்.